நாக்குக்கு அடியில் கரையும் நேரம்

மார்ச் 4

தம்பிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அப்பா செத்த பிறகு உன் போனை எடுக்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. இப்போது நாலு தெரு தள்ளியிருந்து தபாலில் ஒன்று கேட்டிருக்கிறாய் பார், அதற்குப் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

லிஃப்ட் பழுது பார்க்கப் போய் விழுந்து இடுப்பு ஒடிந்தது உன் தப்பில்லை. வலி மாத்திரை உன்னைப் பிடித்துக்கொண்டு விடாததும் உன் தப்பில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் புற்றுநோயில் கிடந்த அப்பாவின் வலி மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, அதே நிறத்தில் சத்து மாத்திரையைப் போட்டு வைத்தாயே? "மாத்திரைக்கு வலி கேக்கலடா" என்று அப்பா என் கையைப் பிடித்து அழுதார். நான் டாக்டரோடு சண்டைக்குப் போனேன். நீ பக்கத்தில் நின்று தலையணையைச் சரிசெய்தாய்.

இன்றைக்கு, அந்தப் பழக்கத்தை விட உனக்குத் தரும் சிகிச்சை மாத்திரையை நான் பூட்டி வைத்துத் தினமும் எடுத்துத் தர வேண்டுமாம். வேறு ஆளைப் பார்.

இப்படிக்கு,
உனக்கு மூத்தவனாகப் பிறந்து தொலைத்தவன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டியாவது எழுதினாயே. அப்பா விஷயத்தில் நீ எழுதியது அத்தனையும் நான் செய்ததுதான்.

இந்த ஊரில் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. மனதைக் கட்டுப்படுத்து என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பக்கத்து ஊர் மருத்துவமனையில்தான் உட்காரச் சொல்லிப் பேசினார்கள். தினமும் அங்கே போய் வருவதில் பாதி நாள் போய்விடுகிறது. வேலையில் இனிப் பொறுக்க மாட்டார்கள். வீட்டு ஆள் பொறுப்பேற்றால் ஒரு வாரத்து மாத்திரையைக் கொடுத்தனுப்புவார்களாம். "உங்களை நம்பற ஆளு வேணாம், உங்ககிட்ட ஏமாறாத ஆளா கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸக்கா. எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

அது விழுங்கும் மாத்திரை இல்லை. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். அதுவரை பேசக் கூடாது. நீ பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு நேரமும் என்னைத் திட்டலாம் அண்ணா. எதிர்த்துப் பேச என்னால் முடியாது.

உன் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நேற்று அந்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன், நீ அளந்ததில் எவ்வளவு நிஜம் என்று பார்க்க. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நீ வாயை மூடி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். கூப்பிடவில்லை.

இரும்புப் பெட்டி வாங்கியாயிற்று. எண் பூட்டு. உன் பிறந்த நாளும் இல்லை, அப்பா பிறந்த நாளும் இல்லை, வீணாக முயற்சி செய்யாதே. ஒவ்வொரு மாத்திரையையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் தருவேன். அதை நீ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் வா. திட்டுவதை அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மருத்துவமனைத் தாளில், உறவு என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தின் கீழே அதை எழுதக் கை வரவில்லை. வருகிறபோது வரட்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.