வேப்பந்தழை வண்டி

திருப்பதி
6.5.2004

அன்புள்ள அக்கா கிருபாவதிக்கு,

ஆஸ்டல் சாம்பாரைத் தவிர இங்கே எல்லாம் நலம். "லாஜிஸ்டிக்ஸ்னா லாரி ஓட்டறதாடா?" என்று நைனா கேட்டாரே, அவரிடம் சொல்: ஒரு பொருள் விளைந்த இடத்திலிருந்து வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று படிப்பது.

நம்ம ஊர் மாங்கூழ் பேக்டரிக்குத்தான் என் புராஜெக்ட். கேட்டில் வண்டிகள் ஏன் தேங்குகின்றன என்று எழுத வேண்டும். நன்றாக எழுதினால் அங்கேயே வேலை. நம் காலனி டிராக்டர் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறது? மேனேஜரைக் கேட்டால், உங்கள் ஆட்கள் வாயே திறப்பதில்லை என்கிறார்.

உன் தம்பி,
தனராஜ்

மிஷன் காலனி, பங்காருபாளையம்
14.5.2004

தம்பி தனராஜுக்கு,

கர்த்தர் உன்னோடு இருப்பாராக. வாயைத் திறந்தால் கேட்டுக்காரன், "காலனி ஆளுக்கு இன்னா பேச்சு?" என்கிறான். அதனால்தான் திறப்பதில்லை.

நீ கேட்டதால் சொல்கிறேன். கவர்மெண்டு கொடுத்த மேட்டு நிலத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மரம். யாருக்கும் தனியாக ஒரு வண்டி காய் தேறாது. எல்லார் காயையும் முனிரத்தினம் டிராக்டரில் ஏற்றி, வீட்டுக்கு வீடு நடுவில் வேப்பந்தழை பரப்புவோம். பேக்டரியில் தழை வரைக்கும் இறக்கி, தனித்தனியாக எடை போடணும். அதனால்தான் நேரம். செல்லியம்மாவுக்கு என்னோடு இப்போதே சண்டை: "என் காய் மேல உன் காய் குந்திக்கினு நசுக்குதுடி!"

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

திருப்பதி
3.6.2004

அன்புள்ள அக்கா,

வேலை கிடைத்துவிட்டது! தழை வைத்த வண்டிகளால்தான் தாமதம், ஒரு வண்டிக்கு ஒரு விவசாயி என்று வைத்தால் கேட்டில் யாரும் வெயிலில் காய வேண்டாம் என்று எழுதினேன். மேனேஜர் அன்றே ஆர்டர் போட்டுவிட்டார். எல்லாம் நீ எழுதியதால்தான். நைனாவிடம் சொல்.

தனராஜ்

மிஷன் காலனி
19.6.2004

தனராஜுக்கு,

நேற்று வண்டி போனது. கேட்டுக்காரன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, "தழை கீது, திருப்பு" என்றான். முனிரத்தினம் கெஞ்சினார். நைனா கும்பிட்டார். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காய் பழுத்துக்கொண்டிருந்தது. மண்டிக்காரன் சொன்ன விலைக்குக் கொட்டினோம். எங்கள் காயையே அவன் தன் லாரியில், தன் ஒரே பெயரில், அதே கேட்டுக்குள் கொண்டுபோனான். கொஞ்சம்கூட நிற்கவில்லை. நீ எழுதியது சரிதான்.

உனக்குச் சொன்னது நான்தான் என்று இங்கே யாருக்கும் தெரியாது. "உன் தம்பிக்கு அங்கியே வேல கெட்ச்சிதாமே?" என்று செல்லியம்மா கேட்டாள். ஆமாம் என்றேன்.

கிருபாவதி

திருப்பதி
24.6.2004

அக்கா,

மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வண்டிகளுக்கு ஒரு தனி எடைமேடை போட்டால் போதும், தாமதம் இருக்காது என்று எழுதிக் கொடுத்தேன். "முதல்ல எழுதினதே போதும்பா" என்று சிரித்தார். பேக்டரிக்குக் கேட் திறந்தால் போதும். யாருக்குத் திறக்கிறது என்பது என் பாடத்திலும் இல்லை.

திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். ஜீப் அனுப்புவார்களாம், வேண்டாம் என்றுவிட்டேன். அடுத்த பறிப்பை அன்றைக்கே ஏற்றச் சொல். தழையை எடுக்காதீர்கள். வண்டி மேல் நானும் வருகிறேன். வண்டியைத் திருப்பினால் நானும் அதோடு திரும்புவேன்.

செல்லியம்மாவிடம் சொல்லிவை: அவங்க காய் மேலதான் குந்திக்கினு வருவேன். திட்டட்டும்.

தனராஜ்