கறுப்புக் கோப்பையின் பெட்டி

கோபே, 1931

மார்ச் 3
காலையில் வெரெனின் பிரபு கடைக்கு வந்தார். மேல்கோட்டில் பொத்தான்கள் மூன்று நிறத்தில். ரஷ்யாவில் எத்தனை ஊர் இருந்ததோ, இங்கே குன்றுச் சரிவில் ஒரே அறை. புரட்சியில் தப்பிக் கொண்டுவந்த நகைகளையெல்லாம் தேநீர்க் கோப்பைகளாக மாற்றியவர். அத்தனையும் என் பழம்பொருள் கடையில் வாங்கியவை. பன்னிரண்டையும் நகரக் கலைக்கூடத்துக்குச் சும்மா கொடுக்கப்போகிறாராம்.

"நாடு இல்ல, பிள்ளை இல்ல. ஒரு சுவத்துல பேரு இருந்தாப் போதும், ஹமானோ-சான். பாக்க வர்றவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 11
கலைக்கூடத்துப் பேராசிரியர் கூஸே பிரபுவின் அறைக்கு வந்தார். நானும் இருந்தேன். கறுப்புக் கோப்பையை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு ஒரே கேள்வி: "பெட்டி எங்க?"

பிரபு சிரித்தார். "நான் வாங்கினது கோப்பையை. மரத்தை இல்ல."

ஒன்பது வருடம் முன்பு அதை வாங்கும்போது என்னிடமும் அதையேதான் சொன்னார். நம்மவர் யாரும் சொல்லமாட்டார்கள். மூடியின் உட்புறம் பழைய தேநீர் ஆசானின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. கோப்பைக்குச் சாட்சி அதுதான். நான் எடுத்துச் சொல்லவில்லை. பெட்டியைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்து, உள்ளே ஒரு நகலை வைத்து, நிஷினோமியா ஊர் மது ஆலை முதலாளி தத்சுவோக்காவுக்கு விற்றேன்.

"அந்தப் பெட்டியும் கோப்பையும் தத்சுவோக்கா வீட்டுல இருக்கு. நானே பாத்திருக்கேன்" என்றார் கூஸே. "அப்போ இது நகல். மத்ததைப் பாக்க வேண்டியதில்ல."

என் பக்கம் திரும்பினார். நான் கெண்டியில் வெந்நீர் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மார்ச் 12
வாயைத் திறந்திருந்தால் என்ன போயிருக்கும்? கடை போயிருக்கும். அவ்வளவுதான்.

மார்ச் 16
தத்சுவோக்காவிடம் போனேன். உள்ளே இருப்பது நகல், இரண்டு மடங்கு விலை தருகிறேன், பெட்டியைக் கொடுங்கள் என்றேன். மனிதர் கோபப்படவில்லை.

"அதுல டீ குடிச்சிட்டு எத்தனை பேரு கண்ணு கலங்கியிருக்கான் தெரியுமா? அந்தப் பெட்டியில இருக்கறதுதான்யா அசல். வெளிய வாயைத் திறந்தே, உன் கடைக்கு ஒரு ஈ வராது."

வீட்டில் மனைவி தமியிடம் சொன்னேன். "கடை வர்றதுக்கு முன்ன பழைய இரும்பு வண்டி தள்ளினவர்தானே நீங்க. கை மறந்துபோச்சா?" என்றாள்.

மார்ச் 27
பிரபுவுக்குக் காய்ச்சல். கறுப்புக் கோப்பையில் சூப்பை ஊற்றி, ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். பதறிவிட்டேன். சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன் — அவர் முந்திக்கொண்டார்.

"வருத்தப்படாதீங்க. உங்களையும் யாரோ ஏமாத்திட்டாங்க."

என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சீ, என்ன பொழப்பு இது.

ஏப்ரல் 14
போய்விட்டார். அடக்கத்துக்கு ஐந்து பேர். அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாள். "போலின்னாலும் ஹமானோ-சான் பத்திரமா வச்சுக்குவாருன்னு சொன்னாரு."

ஏப்ரல் 22
கறுப்புக் கோப்பைக்குச் சொல்லிவைத்த புதுப் பெட்டி வந்தது. மூடியில் எழுத யாரை அழைப்பது என்று தச்சர் கேட்டார். நானே எழுதினேன்: "வெரெனினின் கறுப்புக் கோப்பை. அசல். இதன் பழைய பெட்டியில் நகலை வைத்து விற்றவன் ஹமானோ தொகுஜி." கீழே கடை முத்திரை. பன்னிரண்டையும் கூஸேவுக்கு அனுப்பினேன். பெட்டிக்குக் கயிறு கட்டியவள் தமி. எதுவும் கேட்கவில்லை.

மே 9
கூஸேவிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆறு நாளாகக் கடைக்கு யாரும் வரவில்லை. நேற்று பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

"ஒரு ஈ கூட இல்ல" என்றாள் தமி.

அப்படியானால் கூஸே மூடியைப் படித்திருக்கிறார்.