பெயர் கூப்பிடுகிறவரின் பல்செட்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்கு உடம்பும் வேலையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தேடிப் போனாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும். போனில் எழுதினால் அது யார் யார் கைக்கோ போய்விடுகிறது. தபாலில் போட்டால் நீ ஒருவன்தான் படிப்பாய்.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல்தான். சமையலறைக் குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தான். ஒரு இடத்தில் ஒழுகியது இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. எனக்குத் தலைக்கு மேல் வேலை. வக்கீல்கள் அங்கி தைக்கக் கொடுத்துவிட்டு மறுநாளே வாசலில் வந்து நிற்கிறார்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டி ஓட்டிக் கண்ணே போய்விடும் போலிருக்கிறது.

அப்பா பேசுவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சர்க்கரையால் ஈறு கெட்டு, மேல் வரிசைப் பல்லை எல்லாம் எடுத்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேதான் நடமாடினார். பல்செட் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், மேல் வீட்டு டீச்சர்கூடச் சொன்னாள். "அதெல்லாம் கிழவனுங்க சமாச்சாரம், அதை மாட்டிக்கிட்டுப் போனா அடுத்த நாளே என்னைத் தாத்தான்னு கூப்பிடுவானுங்க" என்றார். ஐம்பத்து நாலு வயது ஒரு வயதா சொல். நல்லபடியாகப் பேசிப் பார்த்தேன், சண்டையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் தானாகவே போய் அளவு கொடுத்துவிட்டு வந்தார். ஏன் மனசு மாறியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

செட் வந்ததும் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். தெரிந்தவர்கள் பெயரை எல்லாம் கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரியே மூன்று மூன்று தடவை கூப்பிட்டார். டீச்சர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று கையில் கரண்டியோடு இறங்கி ஓடிவந்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு உனக்கு வீடியோவில் காட்டினார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன், அவரும் சேர்ந்து சிரித்தார். அதோடு போயிருக்கலாம். வெள்ளைப் பல் வரிசை தெரியச் சிரித்த அந்த முகத்தை நீ படம் பிடித்து, "வீட்டுக்குப் பியானோ வந்தாச்சு" என்று எழுதிச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டாய். விளையாட்டாகத்தான் போட்டாய், எனக்குத் தெரியாதா. ஆனால் உன் மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா? கோர்ட்டு வாசலில் மனு டைப் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன், வருகிற போகிற குமாஸ்தாவுக்கெல்லாம் காட்டியிருக்கிறான். மறுநாளே அப்பாவுக்கு அங்கே பியானோ என்று பெயராகிவிட்டது. ஒரு இளம் வக்கீல், இவர் பக்கத்தில் போனால் மேசைமேல் பத்து விரலாலும் வாசித்துக் காட்டுகிறானாம்.

அதிலிருந்து கோர்ட்டு வாசலிலேயே செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். துவைக்கும்போது பை மட்டும் கறை பிடித்துக் கிடப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவர் வேலை என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவருகே நின்று தாழ்வாரத்தைப் பார்த்து மூன்று தடவை பெயர் கூப்பிட வேண்டும். மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் நீதிபதி வழக்கை முடித்துவிடுவார். போன மாதம் ஒரு பெண்ணின் வழக்கு அப்படி முடிந்துவிட்டது என்று அங்கி வாங்க வந்த வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புருஷன் தூக்கிக்கொண்டு போன பிள்ளையைத் திரும்பக் கேட்டு வந்தவள். காலையிலிருந்தே வந்து தாழ்வாரத்தின் கடைசியில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா பல் இல்லாமல், கையால் வாயை மறைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார். அவளுக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் வந்து, என்னை எப்போது கூப்பிடுவீர்கள் என்று இவரையே கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். லீவு போட்டுவிட்டார். பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பாலில் ஊறவைத்த ரொட்டிதான் சாப்பாடு. செட் டம்ளர் தண்ணீரில் கிடக்கிறது.

அந்தப் பெண்ணின் வக்கீல் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். ஒழுங்காகத்தான் கூப்பிட்டார்கள், அவள்தான் வரவில்லை என்று புருஷன் பக்கம் சாதிக்கிறது. அடுத்த மாத முதல் வாரத்தில் விசாரணை. நான் சரியாகக் கூப்பிடவில்லை என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு வழி பிறக்கும். ஆனால் அதே கூடத்தில், அந்த விரல் வாசிக்கிறவன் எதிரில், இவர் வாயைத் திறக்க வேண்டும். நான் என்ன செய்வேன்? எனக்குத் துணி வெட்டத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நீ ஒரு தடவை அவரோடு பேசு. சீக்கிரம் பேசு. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலை நனைந்துகொண்டு வெளியே போகாதே.

அம்மா

*

அன்பு மகனே,

நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் கடிதம் கிடைத்த அன்றே நீ போன் செய்தது எனக்கு ஆறுதல். அப்பா உன் பெயரைப் பார்த்ததும் கொல்லைப்பக்கம் போய்விட்டார் என்பதை அன்றைக்கு உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, குளிக்கிறார் என்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்மா என்றாய். நான் சொல்லவில்லை. அதை இன்னொருத்தர் சொன்னால் நன்றாக இருக்காது கண்ணா.

விசாரணைக்கு முந்தின நாள் அந்தப் பெண் நம் வீட்டுக்கே வந்துவிட்டாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளேகூட வரவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டு, "ஐயா, நீங்க கூப்பிட்டீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. நான் கண்ணசந்துட்டேனோ, அதனாலதான் என் புள்ள போயிடுச்சோன்னு என்னையே நான் அடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று கேட்டாள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு இவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊர்ப்பட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

மறுநாள் காலையில் டம்ளர் காலியாக இருந்தது. இவர் குளித்துக் கிளம்பி நின்றார்.

தைத்த அங்கி ஒன்றைக் கொடுக்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்லி நானும் பின்னாலேயே போனேன். கூடத்தின் கடைசியில் நின்றுகொண்டேன். நீதிபதி கேட்டதும் அப்பா பேச ஆரம்பித்தார். முதல் வார்த்தையிலேயே செட் நழுவிக் கீழ்ப் பல்லில் விழுந்து டக்கென்று சத்தம் கேட்டது. கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த இளம் வக்கீல் மேசைமேல் விரலை ஓட்டினான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. அப்பா கட்டை விரலால் செட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே பேசினார். "ஐயா, நாலு பேர் சிரிப்பாங்கன்னு அன்னைக்கு நான் பல்செட்டைக் கழட்டிப் பையில வச்சிருந்தேன். வாயைப் பொத்திக்கிட்டுத்தான் கூப்பிட்டேன். பக்கத்துல நின்னவருக்கே கேட்டிருக்காது. அந்தம்மா தூங்கவும் இல்ல, வராம இருக்கவும் இல்ல. தப்பு என்னோடது" என்றார். சிரிப்பு உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கியது.

வழக்கை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை அவளிடம் வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை, ஆனால் அவள் பேச்சைக் கேட்பார்கள். அப்பாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. என்ன ஆகுமோ தெரியாது. நான் கும்பிடாத சாமி இல்லை. இவர் அன்றைக்கே அடுத்த வழக்குக்குப் பெயர் கூப்பிட்டுவிட்டார். விசில் மாதிரி ஒரு சத்தம் கூடவே வருகிறது, ஆனால் குரல் தாழ்வாரத்தின் கடைசிக் குழாயடி வரை போகிறது. பியானோ என்று கூப்பிடுவதும் நிற்கவில்லை. இவரும் திரும்பிப் பார்த்து என்ன என்கிறார். உன் மாமா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் டைப் அடிக்கிறான். அவனுக்கு இருக்கிறது என்னிடம்.

இனிக் கவலை இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டில் செட்டோடுதான் சாப்பிடுகிறார், டீச்சரோடு வாய் வலிக்கப் பேசுகிறார். ஆனால் உன் போன் அடித்தால் மட்டும் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, நீயே பேசு என்று என்னிடம் கையைக் காட்டிவிடுகிறார். ஒவ்வொரு தடவையும் இதேதான். தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று உன்னிடம் சொல்லிச் சொல்லி எனக்குப் பொய்யும் தீர்ந்துவிட்டது. நேற்று பொறுக்க முடியாமல், கோர்ட்டே சிரித்தபோது நின்று பேசினீர்கள், பெற்ற பிள்ளையிடம் என்ன வீம்பு என்று கேட்டுவிட்டேன். வீம்பெல்லாம் இல்லை என்றார். பிறகு, "அவனுங்க யாரோடி. நம்ம புள்ளைக்குக் காட்டணும்னுதானே நான் பல்லே கட்டிக்கிட்டேன்" என்றார்.

லீவு கேட்டுப் பார். கிடைத்தால் ஒரு வாரமாவது வந்துவிட்டுப் போ. வந்து சமாதானம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடு. முதல் நாள் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பிட வருவார், கண்டுகொள்ளாதே. இரண்டாம் நாளும் அப்படித்தான் வருவார். நீ எழுந்து போகாமல் உட்கார்ந்திரு, கண்ணா.

நூறு வயது நன்றாக இரு.

அம்மா