கழுவாத திராட்சையும் நான் திறந்த ஜாடியும்

என் அருமைத் தம்பி சேவியருக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. கல்லறைக்கு வந்து சொல்லலாமென்றுதான் இருந்தேன். அங்கே வந்தால் அழுகை வருகிறதே தவிர, பேச்சு வரமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ரெட்டியார்சத்திரத்துத் தோட்டத்தில் இந்தத் தடவை மழை ஏமாற்றிவிட்டது. காய்ந்த செம்மண்ணில் திராட்சை சிறுத்துப்போனாலும் இனிப்பு மட்டும் குறையவில்லை. "மதினி, கிறிஸ்மஸுக்கு அவர் போட்ட மாதிரியே ஒயின் போடுவமா?" என்று உன் மனைவி செல்வி கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திண்டுக்கல் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் என்ற தலைக்கனம் எனக்கு. நீ ஒயின் போடும்போதெல்லாம் ஈஸ்ட் பாக்கெட்டோடு வந்து, "ஏலே, பழத்தைக் கழுவுலே, மேலெல்லாம் அழுக்கு" என்று அதிகாரம் பண்ணுவேன். நீ தோல்மேல் படிந்த வெள்ளைப் பூச்சைக் காட்டுவாய். "ஈஸ்ட்டு இதுலயே இருக்குக்கா. நம்ம ஊரு வெயிலத் தாங்குனது. கடைச் சரக்கு எதுக்கு?"

மூன்று வருடங்களுக்கு முன் உன் ஒயின் புளித்துக் காடியாகிவிட்டது. கிறிஸ்மஸ் விருந்தில் சொந்தக்காரர்கள் முன்னால், "படிச்சவ பேச்சைக் கேட்டாத்தானே!" என்று நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான். அதற்குப் பிறகு நீ ஜாடியைத் தொடவே இல்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா நான்?

இந்த முறை செல்வியும் நானும் பழத்தைக் கழுவாமலே நசுக்கி ஜாடியில் போட்டோம். ஈஸ்ட்டும் போடவில்லை. மூன்றாம் நாள், "மதினி, செத்த காது வச்சுப் பாருங்க, சத்தம் கேக்குது" என்றாள் செல்வி. உள்ளே நுரைத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்த்தேன். எலுமிச்சம்பழம் போல இரு முனையும் கூரான ஈஸ்ட்டுகள். தோலிலிருந்து வந்து நொதித்தலைத் தொடங்கிவைப்பவை இவைதான். ஆல்கஹால் ஏற ஏற இவை செத்துவிடும், மிச்ச வேலையை வேறு ஈஸ்ட்டுகள் முடிக்கும். ஆனால் வாசனையில் பாதி இவை விட்டுப்போனது. வருடா வருடம் நடத்துகிற பாடம்தான். அன்று என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நுரை அடங்கியதும் பழக்கதோஷத்தில் மூடிமேல் கட்டியிருந்த துணியில் கை வைத்தேன். செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். "இனித் திறக்கப்படாது மதினி. காத்துப் பட்டா காடியாயிரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் ஒயின் காடியான அந்த வருடம் லீவுக்கு வந்திருந்தேனே, உன்மேல் நம்பிக்கை இல்லாமல், நீ தோட்டத்துக்குப் போன நேரமெல்லாம் திறந்து திறந்து பார்த்தேன். காற்றுப்பட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்! உன் ஒயினைக் கெடுத்தது நான்தான் சேவியர். செல்வியிடம் சொல்லி அழுதேன்.

அவள் ஜாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவருக்குத் தெரியும் மதினி. துணி கட்டுன முடிச்சு மாறியிருந்துச்சுல்ல. 'சொன்னா அக்கா சங்கடப்படும், விடு'ன்னுட்டாரு."

தெரிந்துகொண்டா அன்றைக்கு என்னோடு சேர்ந்து சிரித்தாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

இந்தக் கிறிஸ்மஸுக்கு அதே சொந்தக்காரர்கள் வருவார்கள். உன் ஒயினை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அன்று கெடுத்தது யார் என்று என் வாயால் சொல்வேன். அவர்கள் சிரிக்கட்டும்.

உன்னைச் சிரிக்கவைத்து நோகடித்த
உன் அக்கா,
ஸ்டெல்லா