பொட்டு வைத்த சென்சார்

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், புனேயில் நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எந்நேரமும் எங்கள் நினைப்பு. போனில் பேசினால் எனக்குப் பாதி விஷயம் மறந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். அப்பா சிம்மக்கல்லில் வாங்கிய புதுச் செருப்பு கடிக்கிறது என்று பழையதையே போட்டுக்கொண்டு திரிகிறார், நீ சொன்னால் கேட்பார்.

மேலூர் ரோட்டில் அடுக்குமாடி கட்டும் இடத்தில் சேர்ந்தேனே, அங்கே தொட்டி சென்சார், மோட்டார், தெளிப்புக் குழாய், ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ய வைப்பது என் பொறுப்பு. புதிதாகப் போட்ட கான்கிரீட் தளம் காய்ந்து வெடிக்காமல் தானாகவே தண்ணீர் போக வேண்டும். சரிவராவிட்டால் பழையபடி பில் போடப் போகலாம் என்று இன்ஜினியர் பாண்டியராஜன் தன்மையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதி, நம் வீட்டிலேயே முதல் பட்டம் வாங்கியது அதற்குத்தானா என்று இருந்தது.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலை முதலாளியே பார்க்க வந்துவிட்டார். திரையில் எல்லாம் பச்சை, தொட்டி நிறைந்திருக்கிறது, தண்ணீர் போய்விட்டது என்று காட்டியது. ஆனால் தளத்தில் தேங்கும் தண்ணீரைக் குடிக்கத் தினமும் வரும் மைனாக்களைக் காணவில்லை. எழுந்து, "சார், மேல தண்ணி போகல" என்று சொல்லிவிட்டேன். ஏறிப் பார்த்தால் தளம் வெளுக்க ஆரம்பித்திருந்தது, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டி மூடியில் இருந்து தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் சென்சாரின் இரண்டு கண்ணிலும் அப்பிய சந்தனம், மேலே குங்குமம். அது சந்தனத்தையே தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, தொட்டியை நிரப்பும் மோட்டாரை ஓடவிடவில்லை. குழாய் திறந்ததை வைத்தே கம்ப்யூட்டர் தண்ணீர் போய்விட்டதாகக் காட்டியிருக்கிறது. மேஸ்திரி காசிமாயன் அதைக் கழற்றிப் பூஜை போட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார். கேட்டதற்கு, "கொத்துக்கரண்டிக்கு வச்சேன், மிக்சருக்கு வச்சேன், இது ரெண்டு கண்ணையும் முழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கு தாயி, இத மட்டும் எப்படி விடுறது" என்றார். முதலாளிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. உடனே ஆளாளுக்குக் குடம் எடுத்து ஊற்றித் தளத்தைக் காப்பாற்றினோம். இப்போது குழாயிலும் ஒரு மீட்டர் மாட்டிக் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டேன், தண்ணீர் நிஜமாக ஓடினால்தான் பச்சை எரியும். காசிமாயன் பொட்டு வைக்கப் சென்சார் பெட்டியின் முதுகைக் காட்டியிருக்கிறேன். சாயங்காலம் பாண்டியராஜன், "மீனாக்கா, இனி பில் பக்கமே போகாதீக, அடுத்த சைட்டும் உங்களுக்குத்தான்" என்றார்.

நீயும் எப்போது கேட்டாலும் சாப்பிட்டேன்மா, நல்லா இருக்கேன்மா என்று பச்சையாகவே காட்டுகிறாய். இனிமேல் சாப்பிடும் தட்டைப் படம் பிடித்து அனுப்பு, பார்த்த பிறகுதான் நம்புவேன். தீபாவளிக்கு டிக்கெட் போட மறக்காதே. பாண்டி கோயில் சாமி உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அம்மா,
முத்துமீனா