சிரபுஞ்சிக்கும் போறேன்

ஃபீபி அப்பா,

நீங்க ஆம்பூர்ல இருந்து வர்றதுக்குள்ள ரயில் ஏறிடுவேன். சாவியும் ஃபீபியும் எதிர்வீட்டு மோகனாகிட்ட. கத்திரிக்கா தொக்கு ஃபிரிட்ஜ்ல இருக்கு, கடையில பிரியாணி மட்டும் வாங்கிக்குங்க.

"தோல் தொழிலாளிங்க கை அரிப்பப் பத்தி யாரு கேப்பாங்க?"ன்னு சிரிச்சீங்களே, ஷில்லாங் மருத்துவ மாநாட்டுல முதல் கட்டுரையே என்னுதுதான்!

"சரி, ஊர் சுத்தறது எதுக்கு?"ன்னு நேத்து கத்துனீங்க. மாநாடு முடிஞ்சதும் சிரபுஞ்சி போவேன். பாலாத்துல மணலையே பாத்து வளந்தவ நான், அந்த மழைய விட்டுட்டு வருவேனா?

ஞாயித்துக்கிழமை ஃபீபிய சர்ச்சுக்கு நேரத்தோட கூட்டிட்டுப் போங்க.

கேத்தரின்

இப்பதான் பாத்தேன். அவ்ளோ சண்டை போட்டுட்டு, என் பெட்டியில சத்தமில்லாம குடை வச்சிருக்கீங்க. எடுத்து உங்க தலகாணி மேல வச்சுட்டேன். நான் நனையத்தான் போறேன்.