கழுவின சிறகு

கண்டி,
9.6.1996

அன்பு மகன் ஹபீலுக்கு வாப்பா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி றிஸானாவும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சுகமாய் இருக்கத் தொழுகைதோறும் கேட்கிறோம். உம்மாவின் நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதின கத்தம் நல்லபடி முடிந்தது. மையத்தை, உம்மாவின் முகத்தைக் கடைசியாய்ப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று எழுதியிருந்தாய், அன்று அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கிவிட்டோம் மகன், எந்தப் பிளேனில் ஏறியிருந்தாலும் உனக்குக் கிடைத்திராது, அதை நினைத்து உருகாதே. உம்மாவின் உடுப்புகளை வழமைபோல ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டோம். வெறும் அலுமாரியை றிஸானா என் சாரன்களை வைத்து நிரப்பப் பார்த்தாள், நிரம்பவில்லை.

போன வருஷம் என் சேகரிப்பிலிருந்து நீ கொண்டுபோன விமானிச் சிறகு, விமானிகள் கோட்டில் தைக்கிற அந்தத் துணிச் சின்னம், போலி என்று அங்குள்ள நிபுணர் சொன்னாராம், ஊதா விளக்கில் மினுங்குகிறதாம், இரண்டாம் உலக யுத்தகாலத்து நூல் மினுங்காதாம், எறிந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அவரோடு வாதாட முடியுமா? ஊரில் என்னைச் சிறகு மஹ்மூத் என்கிறார்கள், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது, அது வேறு கதை. ஆனால் அந்தச் சிறகு கெலிஓயா தையல்காரர் வீட்டிலிருந்து வந்தது. யுத்தத்தில் கோட்டைத் தைக்கக் கொடுத்த வெள்ளைக்கார விமானிப் பொடியன் திரும்பி வரவேயில்லை, கோட்டைப் பூச்சி தின்று சிறகு மட்டும் மிஞ்சியது. அது எப்படிப் போலியாகும்?

போன கிழமை நம் கடையில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கை எரித்தபோது, பக்கத்தில் கழற்றி வைத்திருந்த என் தொப்பி நிலா மாதிரி மினுங்கியது. என் வாப்பா யுத்தத்துக்கு முன்னே போட்ட பருத்தித் தொப்பி அது! வீட்டுக்கு வந்து றிஸானாவிடம் கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள், நீ சிறகைக் கொண்டுபோகுமுன், பெருநாளைக்கு முந்தி உம்மா வீட்டுத் துணி எல்லாத்தையும் சவர்க்காரத் தூளில் ஊறப் போட்டபோது சிறகையும் போட்டாவாம். "ஒரு தாயிட புள்ள போட்ட உடுப்பு, இப்படி வேர்வையோட வெக்கிறதா, வாப்பாக்கிட்ட இதச் செல்லாத, ஏசுவாரு" என்றாவாம். மினுங்குவது நூலல்ல மகன், அந்தத் தூள். சிறகு சேர்க்கிறவன் தூசியைக்கூடத் தட்டமாட்டான், அந்த அழுக்குத்தான் சாட்சி. இவ்வளவு காலம் என்னோடு குடும்பம் நடத்தியும் உன் உம்மாவுக்கு அது விளங்கவில்லை, நல்ல வேளை.

நிபுணரிடம் ஒன்றும் சொல்லாதே, போலி என்றே எழுதிக்கொள்ளட்டும். எறியாமல் பதிவுத் தபாலில் அனுப்பிவை. தொப்பியை றிஸானா பிறகும் கழுவிவிட்டாள், சாரன், தலையணை உறை எல்லாம் இப்போது அவள் கழுவினதுதான். உம்மா கழுவி இன்னும் வேறு கை கழுவாமல் இருப்பது அது ஒன்றுதான்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், தொழுகையை விடாதே. அல்லாஹ் உன்னைக் காத்து, எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும். சிறகை வைக்கும் உறை சுத்தமாய் இருக்கட்டும், சிறகைக் கழுவிவிட மட்டும் வேண்டாம்.

துஆவுடன்,
உன் வாப்பா
மஹ்மூத்